லைஃப்டைம் ஆயிலை மாற்றுவது எப்படி: இசட்எஃப் 8எச்பி கியர்பாக்ஸ், ஒரு முழு வழிகாட்டி

பிஎம்டபிள்யூ, ஜாகுவார், லேண்ட் ரோவர், பென்ட்லி, ரோல்ஸ் ராய்ஸ் என்று பல சொகுசு கார்களுக்கு அடியில் இருப்பது ஒரே கியர்பாக்ஸ் குடும்பம்தான்: இசட்எஃப் நிறுவனத்தின் 8எச்பி. கார் கையேடுகளில் பலவும் இதன் ஆயிலை "லைஃப்டைம் ஃபில்" என்கின்றன, அதாவது ஆயுள் முழுக்க மாற்ற வேண்டியதில்லை. ஆனால் கியர்பாக்ஸைச் செய்யும் இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 120,000 கிலோமீட்டருக்குள், அல்லது 8 ஆண்டுகளுக்குள், ஆயிலை மாற்றச் சொல்கிறது. இரண்டில் எதை நம்புவது என்றால், பெட்டியைச் செய்தவர் சொல்வதைத்தான். சூட்டிலும் நெரிசலிலும் அதிகம் ஓடும் கார், டிரெய்லர் இழுக்கும் கார் என்றால் 80,000-ஐத் தாண்ட விடாதீர்கள்.

எஞ்சின் ஆயிலுக்கு இல்லாத ஒரு வேலை இந்த ஆயிலுக்கு உண்டு. உயவாகவும் சூட்டைக் கடத்தவும் மட்டுமல்ல, கிளட்ச்களை அழுத்திப் பிடிக்கும் ஹைட்ராலிக் திரவமாகவும், அந்தக் கிளட்ச் தகடுகள் எவ்வளவு வழுக்கி எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் பொருளாகவும் இது இருக்கிறது. எஞ்சினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் லாக்-அப் கிளட்ச் வேண்டுமென்றே சிறிதளவு வழுக்கவிடப்படுகிறது. அந்த வழுக்கலை நடுக்கமில்லாமல் வைத்திருப்பவை ஆயிலில் கலந்த உராய்வுச் சேர்மங்கள். அவை தேய்ந்துபோனால், மெதுவான வேகத்தில் எஞ்சின் 1,200 முதல் 1,500 ஆர்பிஎம்மில் ஓடும்போது, வரிவரியாக மேடு போட்ட சாலையில் போவதுபோல ஓர் அதிர்வு வரும். அது வரும்வரை காத்திருப்பது தாமதம்தான்.

முதலில் எந்தப் பெட்டி என்று பாருங்கள்

ஆயில் வாங்குவதற்கு முன் காருக்கு அடியில் போய் கியர்பாக்ஸின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் உலோகத் தகட்டைப் படியுங்கள். 8எச்பி45, 8எச்பி55, 8எச்பி70, 8எச்பி90 என்பவை முதல் தலைமுறை. 8எச்பி50, 8எச்பி65, 8எச்பி75, 8எச்பி95 இரண்டாம் தலைமுறை. இவற்றின் பான்கள், அதாவது பெட்டியின் அடியில் ஆயிலைத் தாங்கும் தட்டுகள், ஒன்றுக்கொன்று பொருந்தாதவை. தகட்டில் இருக்கும் பாகம் எண்ணை வைத்துத்தான் பானும் ஆயிலும் சேர்ந்த கிட்டை வாங்க வேண்டும். காரின் மாடல் பெயரையும் ஆண்டையும் மட்டும் சொல்லி வாங்கினால், பழைய பானைக் கழற்றி வைத்த பிறகுதான் புதியது உட்காரவில்லை என்று தெரியும். அந்த நேரத்தில் கார் ஸ்டாண்டில் தொங்கிக்கொண்டிருக்கும்.

எஞ்சின் குறுக்காக அமர்ந்த மாடல்களில் 8எச்பி கிடையாது. அவற்றில் வேறு நிறுவனத்தின் ஆட்டோமேட்டிக்கோ டபுள் கிளட்ச் பெட்டியோ இருக்கும். ஆயிலும் வேறு, அளவு பார்க்கும் முறையும் வேறு. டபுள் கிளட்ச் பெட்டியில் சாதாரண ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) ஊற்றினால் கிளட்ச் போய்விடும்.

8எச்பிக்கு இசட்எஃப் லைஃப்கார்டு 8, அல்லது அதே தரத்துக்கு ஒப்புதல் பெற்ற ஆயில். முந்தைய 6எச்பிக்கு லைஃப்கார்டு 6. "எல்லா ஆட்டோமேட்டிக்குக்கும்" என்று எழுதிய கேனை இந்தப் பெட்டிக்கு வாங்க வேண்டாம். நிறத்தை நம்பியும் வாங்கக் கூடாது. ஏடிஎஃப் என்றாலே சிவப்பு என்பது பழைய கணக்கு. மெர்சிடிஸ் 7ஜி-டிரானிக்கை எடுத்துக்கொள்ளுங்கள்: 236.14 தர ஆயில் சிவப்பு, பின்னால் வந்த 236.15 நீலம். நிறம் சாயம் மட்டுமே.

வேண்டியவை

உலர்ந்த பெட்டிக்கு மொத்தமாக ஏறக்குறைய 9 லிட்டர் பிடிக்கும். பானைக் கழற்றும்போது வெளியே வருவது 5 முதல் 6 லிட்டர்தான். மீதி டார்க் கன்வெர்ட்டரிலும் கூலரிலும் தங்கிவிடும். 7 லிட்டர் வாங்கினால் சிந்துவதற்கும் வழிவதற்கும் சேர்த்துப் போதும். இசட்எஃப் கிட்டும் 7 லிட்டரோடுதான் வருகிறது.

பான் பிளாஸ்டிக். ஃபில்டர் அதற்குள்ளேயே பதிந்திருப்பதால் தனியாக மாற்ற முடியாது. கேஸ்கெட், காந்தங்கள், ஃபில்டர் எல்லாம் சேர்ந்த ஒரே பாகமாகப் புதிதாகப் போட வேண்டும். கூடவே புதிய பான் போல்ட்களும், ஆயில் ஊற்றும் துளையை மூடும் புதிய ஃபில் பிளக்கும் வாங்கிக்கொள்ளுங்கள்.

கருவிகளில் டி40 டார்க்ஸ் பிட் நீளமாக ஒன்று, குட்டையாக ஒன்று. ஃபில் பிளக்குக்கு 8 மிமீ அலன், ஆயிலை வடிக்கும் துளையின் டிரெயின் பிளக்குக்கு 8 அல்லது 10 மிமீ அலன். 4 முதல் 20 நியூட்டன் மீட்டர் வரை காட்டும் சிறிய டார்க் ரெஞ்ச் கட்டாயம். சக்கர நட்டுக்கு வைத்திருக்கும் பெரிய ரெஞ்ச் பான் போல்ட்டுக்கு வேண்டிய 10-ஐ உணரவே உணராது. நுனி வளைந்த குழாயுள்ள கைப்பம்ப், அளவுக்கோடு போட்ட 10 லிட்டர் பாத்திரம், கண்ணாடி, கையுறை. எல்லாவற்றையும்விட முக்கியம், கியர்பாக்ஸ் ஆயிலின் வெப்பநிலையைப் படிக்கும் ஸ்கேனர். அது இல்லையென்றால் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். பானின் மேல் லேசர் வெப்பமானியை நீட்டிப் பார்ப்பது ஈடாகாது. பிளாஸ்டிக் சுவர் உள்ளே இருக்கும் சூட்டைத் தாமதமாகத்தான் வெளியே காட்டும், பத்து டிகிரி குறைவாகவும் காட்டிவிடும்.

காரைத் தூக்குவது

நான்கு சக்கரமும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். முன்பக்கம் மட்டும் தூக்கி இந்த வேலையைச் செய்ய முடியாது. ஃபில் துளையின் விளிம்புதான் இங்கே அளவுகோல். பெட்டி சாய்ந்திருந்தால் அந்த அளவுகோலும் சாய்ந்துவிடும். நான்கு ஸ்டாண்டில் நிறுத்திய பின் கதவுக்கு அடியில் உள்ள சில்லில் ரசமட்டம் வைத்து நீளவாக்கிலும் குறுக்கிலும் பாருங்கள். ஏர் சஸ்பென்ஷன் உள்ள கார் என்றால் தூக்கும் முன் ஜாக் மோடில் போட வேண்டும். மறந்தால், சக்கரம் தொங்குவதைக் கண்ட கணினி தானாக உயரத்தைச் சரிசெய்யப் பார்க்கும். அடியில் ஆள் இருக்கும்போது அது நடக்கக் கூடாது.

பெட்டி குளிர்ந்திருக்கட்டும். இரவு முழுக்க நின்ற கார் நல்லது. சூடாக இருந்தால் ஆயில் நன்றாக வடியும் என்பது சரிதான், ஆனால் பின்னால் அளவு பார்க்கும்போது 30 டிகிரிக்குக் கீழிருந்து தொடங்கினால்தான் கையில் நேரம் இருக்கும். எக்ஸாஸ்ட் குழாய்க்குப் பக்கத்தில் கைவிட வேண்டியிருப்பதும் இன்னொரு காரணம்.

முதலில் ஃபில் பிளக்

டிரெயின் பிளக்கைத் தொடுவதற்கு முன் ஃபில் பிளக்கைத் தளர்த்திப் பாருங்கள். பிஎம்டபிள்யூவில் இது பெட்டியின் பக்கவாட்டில், பானுக்குச் சற்று மேலே, பல மாடல்களில் எக்ஸாஸ்ட்டுக்கு நெருக்கமாக இருக்கும். அலுமினிய உடம்பில் பல ஆண்டு சூடேறி இறுகிப்போயிருக்கும். இது திறக்காவிட்டால் ஆயிலை வடித்துவிட்டுத் திரும்ப ஊற்ற வழியில்லாமல் நிற்க நேரிடும். ஆயில் இல்லாத பெட்டியோடு எஞ்சினை ஒரு நிமிடம்கூட ஓட்டக் கூடாது என்பதால் காரை அங்கிருந்து நகர்த்தவும் முடியாது. அலன் துளைக்குள் இருக்கும் அழுக்கை ஊசியால் சுரண்டி எடுத்து, பிட் அடிவரை இறங்குகிறதா என்று பார்த்த பிறகு திருப்புங்கள். பாதி இறங்கிய பிட்தான் துளையை வட்டமாக்கிவிடும்.

நான்கு சக்கரத்துக்கும் விசை போகும் கார்களில் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் டிஃபரன்ஷியலுக்கும் தனித்தனி பிளக்குகள் அருகருகே இருக்கும். அவற்றில் இருப்பது வேறு ஆயில். எது எதனுடையது என்று நிச்சயமாகத் தெரிந்த பிறகே கை வையுங்கள்.

வடித்து, பானைக் கழற்றி, உள்ளே பார்ப்பது

டிரெயின் பிளக்கைத் திறந்து ஆயிலை அளவுப் பாத்திரத்தில் விடுங்கள். ஓட்டம் சொட்டாகக் குறைந்ததும் பிளக்கைத் திரும்பப் போட்டு, பான் போல்ட்களைக் கழற்றுங்கள். சில மாடல்களில் ஒரு குறுக்குச் சட்டமோ வெப்பத் தகடோ வழியை மறிக்கும். ஒரு மூலையில் இரண்டு போல்ட்களை மட்டும் பாதி தளர்த்தி விட்டுவைத்தால், எதிர் மூலை தாழ்ந்து மீதி ஆயில் ஒரு பக்கமாக இறங்கும். எல்லாவற்றையும் ஒரேயடியாக எடுத்தால் ஒன்றரை லிட்டர் முகத்தில் விழும். பானைக் கழற்றிய பிறகும் அரை மணி நேரம் சொட்டவிடுங்கள். மொத்தம் எவ்வளவு வந்தது என்று எழுதி வையுங்கள்.

இனி, இந்த வேலையிலேயே அதிகம் கற்றுத்தரும் இடம் பழைய பான். காந்தங்களின் மேல் படிந்திருப்பதை விரலால் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில், களிம்புபோல வழவழப்பாக, விரலுக்குள் உறுத்தாமல் இருந்தால் அது பல ஆண்டுகளின் இயல்பான தேய்மானம். ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடிய பெட்டியில் அது இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஊசிபோலவோ செதில்போலவோ துண்டு இருந்தால் பேரிங்கோ கியரோ தேய்கிறது. காந்தத்தில் ஒட்டாத மஞ்சள் மினுக்கம் பித்தளை புஷ்ஷிலிருந்து வருவது. கறுப்பாகக் கரித்தூள்போல நிறைய இருந்து, ஆயிலிலும் கருகிய வாடை அடித்தால் கிளட்ச் தகடு எரிந்திருக்கிறது. பால் கலந்த தேநீர்போல நிறம் இருந்தால் கூலர் வழியாகக் கூலண்ட் உள்ளே வந்திருக்கிறது. அப்போது புதிய ஆயிலை வீணாக்காதீர்கள், முதலில் கூலர்.

"பழைய பெட்டிக்குப் புது ஆயில் ஊற்றினால் கியர்பாக்ஸ் போய்விடும்" என்ற பேச்சுக்கும் விடை இந்தப் பானில்தான் இருக்கிறது. ஏற்கெனவே கிளட்ச் எரிந்து வழுக்கிக்கொண்டிருந்த பெட்டியில் கடைசி முயற்சியாக ஆயிலை மாற்றுவார்கள். அடுத்த மாதம் பெட்டி நிற்கும்போது பழி ஆயில் மேல் விழும். காந்தத்தில் மென்மையான களிம்பு மட்டும் இருந்தால் கிலோமீட்டர் எவ்வளவு ஓடியிருந்தாலும் தயங்காமல் மாற்றுங்கள். கரியும் செதிலும் கிடந்தால் ஆயில் அதைக் குணமாக்காது, பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டியதுதான்.

புதிய பானை ஏற்றும் முன் தலையை நிமிர்த்தி மேலே பாருங்கள். பழைய ஃபில்டரின் கழுத்தில் இருந்த ஓ-ரிங் சில நேரம் மேலே, ஆயிலைக் கிளட்ச்களுக்குப் பிரித்து அனுப்பும் வால்வ் பாடியின் துளையிலேயே ஒட்டிக்கொள்ளும். அதைப் பார்க்காமல் புதியதை அதன் மேல் அழுத்தினால் இரண்டு வளையம் ஒன்றோடொன்று மோதி, ஒன்று பிதுங்கி, பம்ப் ஆயிலோடு காற்றையும் உறிஞ்சும். ஊளைச் சத்தம், தாமதமாக விழும் கியர், நுரைத்த ஆயில் என்று அடுத்தடுத்து வரும் தொல்லைகளுக்கு இந்தச் சிறு வளையமே காரணமாக இருந்துவிடலாம்.

பெட்டியின் விளிம்பை நூல் பிரியாத துணியால் துடையுங்கள். சுரண்டியோ எமரித் தாளோ வேண்டாம். கேஸ்கெட்டில் எந்த சீலண்டும் பூச வேண்டாம், ரப்பர் தானே அடைக்கும். புதிய ஓ-ரிங்கில் மட்டும் புதிய ஆயிலைத் தொட்டுத் தடவி, பானை நேராக மேலே தள்ளுங்கள். போல்ட்கள் எல்லாவற்றையும் கையால் சுற்றிய பிறகு நடுவிலிருந்து ஓரத்துக்கு எதிரெதிராக இறுக்குங்கள். இரும்பு போல்ட் என்றால் 10 நியூட்டன் மீட்டர். அலுமினிய போல்ட் என்றால் கிட் தாளில் சொன்ன இறுக்கமும் கோணமும். அதை ஒருமுறைதான் பயன்படுத்த முடியும். "இன்னும் கொஞ்சம்" என்று கை போகும். பிளாஸ்டிக் விளிம்பு அங்கேதான் மயிரிழையாக விரிசல் விடும், ஒரு மாதம் கழித்துக் கசியும்.

ஊற்றுவதும் அளவு பார்ப்பதும்

வேலையின் பாதி வெற்றி இந்த இருபது நிமிடத்தில் இருக்கிறது.

எஞ்சின் நின்ற நிலையில், ஃபில் துளை வழியாக ஆயில் வழியும்வரை பம்ப் செய்யுங்கள். ஏறக்குறைய 4 லிட்டர் போகும். வழிகிறதே, நிரம்பிவிட்டது என்று மூடி முடித்துவிடாதீர்கள். எஞ்சின் நிற்கும்போது பானில் மட்டம் உயர்ந்து தெரியும். ஓடத் தொடங்கியதும் பம்ப் அந்த ஆயிலை உறிஞ்சி கன்வெர்ட்டருக்கும் கூலருக்கும் அனுப்பும், மட்டம் இறங்கிவிடும். பிளக்கைக் கையால் சுற்றி வைத்துவிட்டு எஞ்சினை ஸ்டார்ட் செய்து, பி-யிலேயே விட்டு, பிளக்கை மறுபடி திறந்து இன்னொரு லிட்டர் அளவுக்கு உடனே ஏற்றி வழியவிடுங்கள்.

பிளக்கை மூடிவிட்டு, ஒருவர் பிரேக்கை அழுத்தமாக மிதித்துக்கொண்டு ஆர், என், டி என்று ஒவ்வொன்றிலும் பத்து விநாடி நிறுத்தி மாற்ற வேண்டும். அப்போது காருக்கு அடியில் யாரும் இருக்கக் கூடாது. சக்கரங்கள் காற்றில் இருப்பதால் டாஷ்போர்டில் ஏதாவது எச்சரிக்கை விளக்கு வரலாம், கவலை வேண்டாம். மறுபடி பி-க்கு வந்த பிறகே அடியில் போங்கள். எஞ்சின் ஓடிக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

இனி ஸ்கேனரில் கண். பிஎம்டபிள்யூ 8எச்பிக்கு அளவு பார்க்கும் எல்லை 30 முதல் 50 டிகிரி. 40-க்குப் பக்கத்தில் மூடுவது உத்தமம். பிளக்கைத் திறந்ததும் ஆயில் வழியவில்லை என்றால் குறைவு, வழியும்வரை ஏற்றுங்கள். வழிந்தால் விட்டுவிடுங்கள். முதலில் பென்சில் தடிமனில் ஓடும், பிறகு நூலாக மெலியும், பிறகு மணிமணியாகச் சொட்டும். அந்தச் சொட்டும் தருணத்தில் ஸ்கேனர் 50-க்குக் கீழே காட்டினால் பிளக்கை மூடிவிடுங்கள். எஞ்சின் ஓடும்போதே மூட வேண்டும். திறந்த துளையோடு எஞ்சினை நிறுத்தினால் மட்டம் சட்டென்று ஏறி ஆயில் கொட்டிவிடும், எல்லாம் முதலிலிருந்து.

வெப்பநிலைக்கு ஏன் இவ்வளவு கட்டுப்பாடு என்றால், ஆயில் சூட்டில் விரிகிறது. 9 லிட்டர் ஆயில் 40 டிகிரி கூடினால் ஏறக்குறைய கால் லிட்டர் கூடுதல் இடம் கேட்கும். 70 டிகிரியில் பார்த்தால் விரிந்த ஆயில் வழிந்து போய்விடும், ஆறிய பிறகு பெட்டியில் ஆயில் குறைவு. காலையில் டி போட்டதும் ஓரிரு விநாடி தாமதமாகக் கியர் விழுவது அதன் அடையாளம். 15 டிகிரியில் நிரப்பி மூடினால் ஓட்டத்தில் விரிந்து, சுழலும் பாகங்கள் ஆயிலை அடித்து நுரையாக்கும். நுரையால் அழுத்தம் கொடுக்க முடியாது, கிளட்ச் வழுக்கும். 50-ஐத் தாண்டிவிட்டால் பதற்றம் வேண்டாம். பிளக்கை மூடி, எஞ்சினை நிறுத்தி, 30-க்குக் கீழே இறங்கும்வரை காத்திருந்து மறுபடி பாருங்கள்.

ஃபில் பிளக் இறுக்கம் 35 நியூட்டன் மீட்டர். வெளியே வந்ததையும் உள்ளே போனதையும் ஒப்பிடுங்கள், வழிந்ததைக் கழித்து. 5.5 வந்து 4 மட்டும் போயிருந்தால் எங்கோ தவறு, காரை இறக்காதீர்கள்.

8எச்பி அல்லாதவற்றுக்கு

6எச்பியில் இதே முறை, இதே வெப்ப எல்லை. ஆனால் அதில் ஒயர் சாக்கெட் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் இருக்கும் பிளாஸ்டிக் ஸ்லீவின் ஓ-ரிங்குகள் காய்ந்து கசியும். பான் கேஸ்கெட் கசிகிறது என்று நினைக்கப்படும் பல கசிவுகள் உண்மையில் இங்கிருந்து பானின் விளிம்பில் இறங்கியவை. பானைக் கழற்றிய நேரத்திலேயே, உள்ளே ஸ்லீவைப் பிடித்திருக்கும் பூட்டை விலக்கி ஸ்லீவையும் மாற்றிவிடுங்கள்.

மெர்சிடிஸின் ஐந்து கியர் 722.6 பெட்டியில் அளவு பார்ப்பது 80 டிகிரியில், டிப்ஸ்டிக் குழாய்க்குள் தனியாக ஒரு அளவுக்கோலை விட்டு. அதன் 13 முனை சாக்கெட்டின் ஓ-ரிங் போனால் ஆயில் ஒயருக்குள்ளாகவே ஏறிக் கட்டுப்பாட்டுக் கணினிவரை போய்விடும், அதனால் அதையும் சேர்த்து மாற்ற வேண்டும். ஏழு கியர் 722.9-ல் 45 டிகிரி, டிரெயின் துளைக்குள் நிற்கும் வழிகுழாய்தான் அளவு.

ஓட்டிப் பார்ப்பது

ஸ்கேனரில் அடாப்டேஷன் அழிக்கும் வசதி இருந்தால் அழியுங்கள். பழைய ஆயிலின் உராய்வுக்கு ஏற்ப ஒவ்வொரு கிளட்சுக்கும் கணினி கற்றுவைத்த நிரப்பு அழுத்தங்கள் இனிப் பொருந்தாது. அழித்த பிறகு முதல் சில கிலோமீட்டரில் கியர் சற்று முரட்டுத்தனமாக விழும். லேசான மிதியில் எல்லாக் கியரும் ஏறுமாறும், பிரேக்கை மெல்லப் பிடித்து எல்லாக் கியரும் இறங்கி நிற்குமாறும் திரும்பத் திரும்ப ஓட்டுங்கள். கால் முழுக்க மிதித்து ஓட்டினால் அது எதையும் கற்காது.

ஃப்ளஷ் மெஷின் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. அழுத்தம் கொடுத்துப் பழைய படிவுகளைக் கிளறுவதைவிட, 1,000 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு டிரெயின் பிளக்கை மட்டும் திறந்து இன்னொரு முறை மாற்றுவது நல்லது. முதல் மாற்றத்தில் பழையது ஐந்தில் இரண்டு பங்கு தங்கும். இரண்டாவதில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகிவிடும். அதிர்வு ஏற்கெனவே தொடங்கிய காருக்கு இந்த இரண்டாவது மாற்றம் நிச்சயம் வேண்டும். நன்றாக ஓடும் காருக்கு ஒன்றே போதும்.

200 கிலோமீட்டர் ஓட்டிய பின் அடியில் விளக்கு அடித்து, பான் விளிம்பு முழுக்கவும் இரண்டு பிளக்கைச் சுற்றியும் உலர்ந்த விரலால் தடவிப் பாருங்கள். வேலை முடிந்த அன்றே அந்த இடங்களைத் துடைத்து உலர்த்தி வைத்திருந்தால்தான் இது எதையாவது சொல்லும். ஈரம் தெரிந்தால் போல்ட்டை மேலும் இறுக்காதீர்கள், 10-ல் இருக்கிறதா என்று மட்டும் ரெஞ்சால் சரிபாருங்கள். இருந்தும் கசிந்தால் கேஸ்கெட் மடிந்திருக்கிறது, பானை இறக்கித்தான் ஆக வேண்டும். பழைய ஆயிலைக் காலிக் கேன்களில் அடைத்து, கழிவு ஆயில் வாங்குமிடத்தில் கொடுத்துவிடுங்கள். கூலண்டோ பெட்ரோலோ அதில் கலக்க வேண்டாம், கலந்ததை அவர்கள் வாங்க மாட்டார்கள்.